‘கனம்’ என்னும் அடைமொழி

தமிழ் நாளேடுகளின் பழைய தொகுதிகளைப் புரட்டிப் பார்ப்போர் ஒரு சிறு சொல்லை அடிக்கடி எதிர்கொள்வர். அமைச்சர் ஒருவர் பள்ளிக்கூடம் திறந்தாலும், பாலத்திற்கு அடிக்கல் நாட்டினாலும், சட்டசபையில் வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்தாலும் அவர் பெயருக்கு முன்னே அச்சொல் நிற்கும். அதுவே ‘கனம்’. இன்றைய மாணவர்க்கு அச்சொல் புத்தகப் பையின் பாரத்தை நினைவூட்டும். அவர்தம் பாட்டனார்க்கோ அது மாலையும் வரவேற்புப் பத்திரமுமாக நடந்த மந்திரி விஜயத்தை நினைவூட்டும்.

ஓர் அடைமொழி வழக்கில் வந்ததும் வழக்கொழிந்ததும் இலக்கணம் பயில்வோர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. யாருக்கு மதிப்பு, எவ்வளவு மதிப்பு, எதன்பொருட்டு மதிப்பு என்னும் மூன்று வினாக்களுக்கு ஒரு சமுதாயம் கொடுத்த விடை அச்சிறு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. அவ்விடையை ஆராய்வது, நாளை இதழ்களில் எழுதப் போகும் நம் மாணவர்க்கும், விழா அழைப்பிதழ்களைத் திருத்தித் தரும் நம் ஆசிரியர்க்கும், அவ்விழாக்களுக்குத் தலைமை தாங்கும் சமுதாயப் பெரியோர்க்கும் பயன் தரும் என நம்புகிறோம்.

எடையில் பிறந்த மதிப்பு

‘கனம்’ என்பது செறிவு, திண்மை எனப் பொருள்படும் வடசொல்லின் வழி வந்தது. தமிழில் அது பாரத்தையும் குறித்தது, பெருமையையும் குறித்தது. பாரம் எவ்வாறு பெருமையாயிற்று என வியக்க வேண்டுவதில்லை. ஆசானைக் குறிக்கும் ‘குரு’ என்னும் வடசொல்லுக்கும் பாரமானது என்ற பொருள் உண்டு. எபிரேய மொழியில் மேன்மையைக் குறிக்கும் ‘காவோத்’ என்னும் சொல்லும் பாரம் என்னும் வேரிலிருந்து கிளைத்ததே. இலத்தீன் மொழியார் பெருந்தன்மையை ‘கிராவிடாஸ்’ என்றதும் எடையைக் கருதியே. காற்றில் பறப்பது பதர். நிலத்தில் நிற்பது மணி. எனவே எடையுள்ளவர் மதிப்புள்ளவர் ஆனார்.

நம் மொழியில் இச்சொல்லின் குடும்பம் பெரிது. மேடையில் பேசுவோர் ‘கனவான்களே’ என அவையோரை விளித்தனர். செல்வமும் செல்வாக்கும் உடையோரைக் ‘கனதனவான்கள்’ என்றனர். கிறித்தவத் தமிழ் ‘கனம்பண்ணுதல்’ என்னும் வினையைப் பரப்பியது. குருமார் பெயருக்கு முன்னும் ‘கனம்’ இடப்பட்டது. நீதிமன்றத்திற்கு எழுதும் மனுக்களில் ‘கனம் கோர்ட்டார் அவர்கள்’ என்னும் தொடர் இன்றும் உயிரோடு இருக்கிறது. பிற இடங்களிலெல்லாம் ஓய்வு பெற்றுவிட்ட அச்சொல்லுக்கு நீதிமன்றம் மட்டும் இன்னும் ஓர் இருக்கை அளித்து வருகிறது எனலாம்.

படிக்கற்கள்

ஆங்கிலேயர் ஆட்சி மதிப்பையும் படி வைத்து நிறுத்துக் கொடுத்தது. அப்படிகளைத் தமிழில் பெயர்த்து வைக்கும் பொறுப்பு இதழ்களுக்கு வந்து சேர்ந்தது. மன்னருக்கு ‘மாட்சிமை தங்கிய’, ஆளுநருக்கு ‘மேன்மை தங்கிய’, பிரிவி கவுன்சில் உறுப்பினருக்கு ‘மகாகனம்’, அமைச்சருக்குக் ‘கனம்’. இவற்றுக்குக் கீழே மதிப்புடைய குடிமக்களுக்கு ‘மகாராஜராஜஸ்ரீ’. அதனை ‘ம-ள-ள-ஸ்ரீ’ எனச் சுருக்கி எழுதினர். முஸ்லிம் பிரமுகராயின் முன்னே ‘ஜனாப்’ என்றும் பின்னே ‘சாகிப் பகதூர்’ என்றும் அரசு ஏடுகளில் எழுதப்பட்டது. ‘ஆனரபிள்’ என்னும் ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழெழுத்தில் பெயர்த்து எழுதியோரும் உண்டு. ‘கனம்’ அதற்கு வாய்த்த பொருத்தமான ஈடாக நிலைபெற்றது.

இப்படிகள் ஒன்றுக்கொன்று மாறிவிடாமல் எழுதப்பட்டமை குறிப்பிடத்தக்கது. பிரிவி கவுன்சிலில் இடம்பெற்ற முதல் இந்தியர் சையத் அமீர் அலி, ஆண்டு 1909. வலங்கைமானில் பிறந்து திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியராகப் பணிபுரிந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1921ஆம் ஆண்டு அச்சிறப்பைப் பெற்றார். அது முதல் அவர் ‘மகாகனம்’ ஆனார். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக அமர்ந்த போதும், 1946இல் மறைந்த போதும் அவர் மகாகனமே. அவ்வடை அவரைப் பொறுத்தவரை பெயரின் ஒரு பகுதியாகவே ஒட்டிக்கொண்டது. வாழ்நாள் முழுதும் நீடிக்கும் சிறப்பு அது; ஆதலின் நீடித்தது.

அமைச்சரின் ‘கனம்’ அத்தகையதன்று. அது நாற்காலியோடு வந்து நாற்காலியோடு போவது. ராஜாஜியின் வாழ்க்கையே இதற்குத் தக்க சான்று. 1937 ஜூலையில் சென்னை மாகாணப் பிரதமராகப் பொறுப்பேற்ற போது மரபுப்படி அவர் ‘கனம்’. 1939 அக்டோபரில் பதவி துறந்ததும் அவ்வடை கழன்றது. 1947 ஆகஸ்டில் மேற்கு வங்க ஆளுநராகவும் 1948 ஜூனில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும் ஆன போது ‘மேன்மை தங்கிய’ என்னும் அடைக்கு உரியரானார். பின்னர் மத்திய அமைச்சராகி மீண்டும் ‘கனம்’. 1952இல் சென்னை மாநில முதலமைச்சராகியும் ‘கனம்’. 1954 ஏப்ரலில் விலகியதும் வெறும் ராஜாஜி. ஆள் ஒருவரே, அறிவும் எழுத்தும் ஒன்றே. அடை மட்டும் ஏறியும் இறங்கியும் நின்றது. ஆகவே அது அவருக்குச் சூட்டப்பட்ட புகழன்று. அவர் அமர்ந்த இருக்கைக்குச் சூட்டப்பட்ட அடையாளம்.

இங்கே பழைய இதழியலின் ஒரு நேர்மையை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘கனம்’ என எழுதிய செய்தியாளர், “இவர் நல்லவர், வல்லவர்” எனச் சான்று வழங்கவில்லை. “இவர் இன்ன பதவியில் இருக்கிறார்” என்றே அறிவித்தார். கனம் எனத் தொடங்கிய அதே ஏடு, அதே அமைச்சரின் கொள்கையைத் தலையங்கத்தில் கடுமையாகச் சாட முடிந்தது. அடைமொழி எழுதுகோலைக் கட்டிப் போடவில்லை.

மற்றொன்றும் உண்டு. அதுவரை பெரும்பாலும் ஆங்கில அதிகாரிகளுக்கும் அரசு நியமித்தோர்க்கும் உரியதாயிருந்த இவ்வடை, மக்கள் வாக்களித்து அனுப்பிய நம்மவர்க்கு வந்த போது அதில் ஓர் எக்களிப்பு இருந்தது. 1937ஆம் ஆண்டு அமைச்சரவையில் பொதுப்பணித் துறையை ஏற்ற யாகூப் ஹஸன் சேட் அவர்கள் பெயருக்கு முன் ‘கனம்’ என்று படித்தவர், விடுதலைப் போரில் சிறை சென்ற ஒருவர் ஆட்சிப் பீடத்தில் அமர்ந்தமையைக் கண்டார். அந்நாளில் வாக்குரிமை எல்லார்க்கும் இல்லை என்பது உண்மையே. எனினும் அவ்வடை நிறம் மாறி, தேர்தலின் பரிசாக நின்றது.

இலக்கணம் வைத்த உரைகல்

அடைமொழிகளை மதிப்பிட நமக்குப் பிறர் தரும் அளவுகோல் வேண்டுவதில்லை. தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே ஓர் உரைகல்லை வைத்துச் சென்றிருக்கிறார். பொருளின் இனத்தைப் பிரித்துக் காட்டாத அடையைச் சேர்த்துச் சொல்லுதல் உலக வழக்கின் நெறியன்று, செய்யுளின் நெறியே என்பது அவர் கருத்து. செந்தாமரை என்றால் வெண்டாமரையும் உண்டு. ஆதலின் ‘செம்மை’ ஒரு வேலை செய்கிறது. செஞ்ஞாயிறு என்றால் கருஞாயிறு என ஒன்று இல்லை; ஆதலின் அங்கே ‘செம்மை’ அழகு செய்கிறதே அன்றி வேலை செய்யவில்லை. முன்னதை இனஞ்சுட்டிய அடை என்றும், பின்னதை இனஞ்சுட்டா அடை என்றும் உரையாசிரியர் விளக்குவர். நூற்றாண்டுகள் கழிந்து வந்த பவணந்தியார் தம் காலத்து வழக்கைக் கண்டு இளகி, இனமுள்ள அடையும் இனமில்லா அடையும் இரு வழக்கிலும் வரும் என நன்னூலில் இசைவு தந்தார்.

செய்தி எழுதுவது உலக வழக்கின் பாற்பட்டது. எனவே தொல்காப்பியர் தந்த உரைகல்லில் நம் சொல்லை உரைத்துப் பார்ப்போம். ‘கனம் யாகூப் ஹஸன்’ என்னும் போது, அப்பெயருடைய பிறரினின்றும் பிரித்து, இவர் அமைச்சர் என அவ்வடை காட்டுகிறது. அது செந்தாமரை. ‘கனம் மந்திரி’ என்னும் போதோ, கனமில்லாத மந்திரி என ஓரினம் இல்லாமையால் அடை ஒன்றையும் பிரித்துக் காட்டவில்லை. அது செஞ்ஞாயிறு. ஒரே சொல் ஓரிடத்தில் உழைக்கிறது. மற்றோரிடத்தில் வெறுமனே வணங்கி நிற்கிறது. பழைய ஏடுகளில் இவ்விரண்டும் உண்டு. காலம் செல்லச் செல்ல உழைப்பது குறைந்து வணங்குவது மிகுந்தது என்பதே இச்சொல்லின் வரலாறு.

சொல் மாறியது, பழக்கம் மாறவில்லை

அடைமொழிகளின் ஆட்சியை எதிர்த்து எழுந்த குரல்களும் இதழ்களின் வழியே எழுந்தவையே. 1925இல் தொடங்கிய ‘குடி அரசு’ இதழில் பெரியார் 1927ஆம் ஆண்டின் இறுதியில் தம் பெயருக்குப் பின்னிருந்த சாதிப் பட்டத்தை நீக்கினார். 1932இல் அயல்நாட்டுப் பயணம் முடித்துத் திரும்பும் நாளில், ஸ்ரீமான், ஸ்ரீமதி போன்றவற்றை விடுத்து எல்லாரையும் ‘தோழர்’ என்றே எழுதுக எனத் தம் இயக்கத்தார்க்கு எடுத்துரைத்தார். அவர் கொள்கை முழுவதையும் ஏற்போரும் உளர், ஏலாதோரும் உளர். ஆயினும் பெயருக்கு முன் நிற்கும் சொல் மனிதரைப் பிரிக்கும் வேலியாகும் என அவர் கண்டது கூர்மையான நோக்கு என்பதில் ஐயமில்லை.

1967இல் ஆட்சி மாற்றம் நிகழ்ந்த பின், அரசு வழக்கில் ‘ஸ்ரீ’ போய்த் ‘திரு’ வந்தது. ‘ஸ்ரீமதி’ போய்த் ‘திருமதி’ வந்தது. அக்காலத்தை ஒட்டியே ‘கன’மும் விடைபெற, ‘மாண்புமிகு’ அவ்விடத்தில் அமர்ந்தது. தமிழ் பயில்வோர் என்ற முறையில் இம்மாற்றத்தில் நமக்கு மகிழ்ச்சியே. மாண்பு நம் சொல். மிகு நம் சொல். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சொல் தமிழாயிற்று; வழிபாடு அப்படியே தங்கிவிட்டது. ‘மாண்புமிகு அமைச்சர் திரு இன்னார் அவர்கள் வருகை தந்தார்கள்’ என்னும் தொடரில் ஒருவர்க்கு எத்தனை வணக்கம்! முன்னே மாண்புமிகு, இடையே திரு, பின்னே அவர்கள், முடிவில் பலர்பால் விகுதி. நான்கு தூண் நட்ட பந்தலின் கீழ் ஒரு பெயர் தனியே நிற்கிறது.

சட்டமும் இத்துறையில் தன் கருத்தைச் சொல்லியிருக்கிறது. நம் அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. ராவ் பகதூரும் கான் பகதூரும் அத்துடன் வரலாறாயினர். பத்ம விருதுகள் அப்பிரிவுக்கு முரண்பட்டவை அல்ல என 1995 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அவற்றைப் பெயருக்கு முன்னோ பின்னோ பட்டம் போல் இட்டு எழுதலாகாது எனவும் தெளிவுறுத்தியது. 2012இல் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி, உள்நாட்டு நிகழ்ச்சிகளில் ‘மேதகு’ என்பதற்கு நிகரான ஆங்கில அடையைத் தமக்கு விடுக்க இசைந்தார். நாட்டின் முதற்குடிமகனே இறக்கி வைத்த பாரத்தை நம் ஊர் மேடைகள் இன்னும் சுமந்து திரிவது வியப்புக்குரியது.

‘பிரபல’ என்னும் வாரிசு

இன்றைய நாளேடுகள் செய்திப் பத்திகளில் ‘மாண்புமிகு’வைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. ‘அமைச்சர் கூறினார்’ என எழுதி அமைகின்றன. விளம்பரங்களிலும் சுவரொட்டிகளிலும் அழைப்பிதழ்களிலுமே அது கொலுவிருக்கிறது. இதழியலைப் பொறுத்தவரை இது நன்மையே. ஆயினும் காலியான அவ்விடத்தில் வேறோர் அடை வந்து குடியேறியிருக்கிறது. அதுதான் ‘பிரபல’.

இச்சொல்லின் கதையும் சுவையானது. வடமொழியில் ‘பிரபல’ என்பதற்கு வலிமை மிக்க என்பதே பொருள். இந்தியிலும் கன்னடத்திலும் இன்றும் அப்பொருளே ஓங்கி நிற்கிறது. தமிழில் அது புகழ் பெற்ற என்னும் பொருளுக்குச் சாய்ந்தது. பழைய ஏடுகளில் பிரபல வக்கீலும் பிரபல வைத்தியரும் பிரபல வர்த்தகரும் உலவினர். அவர்கள் உண்மையில் ஊரறிந்தவராக இருந்த வரையில் அச்சொல் செந்தாமரையின் செம்மையைப் போல் வேலை செய்தது. பின்னர்ப் பிரபலமில்லாத வக்கீலே இல்லை என்னும் நிலை வந்தது. இன்றோ ‘பிரபல ரவுடி கைது’ என்பது நாள்தோறும் காணும் தலைப்பு. வைத்தியரின் கழுத்தில் கிடந்த மாலை கொள்ளைக்காரனின் கழுத்துக்கு இடம் மாறிவிட்டது. மாலை கட்டியவர்க்கு அதில் கூச்சமும் இல்லை.

‘கன’த்திற்கும் ‘பிரபல’த்திற்கும் உள்ள வேற்றுமையை ஈண்டு நோக்குதல் வேண்டும். கனம் யாருக்கு உரியது என்பதற்கு ஓர் எல்லை இருந்தது. அமைச்சரல்லாதார்க்கு அதைக் கொடுத்தால் பிழை எனச் சுட்டிக்காட்ட முடிந்தது. பிரபலத்திற்கு எல்லை ஏது? எத்தனை பேர் அறிந்தால் ஒருவர் பிரபலர்? வினவுவார் இல்லை; விடையும் இல்லை. உண்மையில் பிரபலமான ஒருவரைப் பிரபலர் என அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அப்படி அறிமுகம் வேண்டப்படுபவர் பிரபலர் அல்லர். எவ்வகையில் பார்த்தாலும் அச்சொல் வேலையற்றதாகவே நிற்கிறது. அளவில்லாத புகழ் எடை பார்க்காத சரக்கைப் போன்றது. வாங்குவோர் ஏமாறுவர், நாளடைவில் விற்போரையும் எவரும் நம்பார்.

அடையே இல்லாதவர்கள்

இதுவரை அடைமொழி பெற்றவர்களைப் பற்றியே பேசினோம். பெறாதவர்களைப் பற்றிப் பேசாவிடின் இவ்வாராய்ச்சி அரைகுறையாகவே நிற்கும்.

கனமும் மகாகனமும் நிரம்பிய அதே பழைய பக்கங்களில், கீழே ஒரு மூலையில், கிணறு வெட்டும் போது மண் சரிந்து மாண்ட கூலியாளைப் பற்றிய செய்தியும் வரும். அவர் ‘இன்னான் என்பவன்’ ஆவார்; ‘இறந்தான்’ என்று முடிவார். வீட்டு வேலை செய்த பெண் ‘என்பவள்’ ஆவார். வண்டியோட்டி, தோட்டி, மீனவர், நெசவாளி யாவர்க்கும் இதே விகுதி. குற்றம் மெய்ப்பிக்கப்படாத நிலையில் காவலர் பிடித்துச் சென்றவரும் ‘அவன்’தான். மேற்பத்தியில் மந்திரி ‘விஜயம் செய்தார்கள்’. கீழ்ப்பத்தியில் கூலி ‘இறந்தான்’. ஒரே தாள், ஒரே மை, ஒரே அச்சுக்கூடம். அடைமொழி செய்த வேற்றுமையைக் காட்டிலும் விகுதி செய்த வேற்றுமை ஆழமானது. அடைமொழி எல்லார்க்கும் வேண்டுவதில்லை. ‘ஆன்’, ‘ஆர்’ என்னும் விகுதியோ வினைமுற்றுத்தோறும் வந்து, படிப்பவர் நெஞ்சில் ஒரு தராசைத் தொங்கவிட்டுச் செல்கிறது.

ஒருவரைப் பலர்பாலாற் கூறுவது உயர்வு கருதிய வழக்கு, இலக்கண நெறிப்பட்டதன்று என்று தொல்காப்பியரே சொல்லியிருக்கிறார். வழக்கு என்பதன் பொருள் யாது? மக்கள் உண்டாக்கியது, ஆதலின் மக்களால் மாற்றத் தக்கது என்பதே. அவ்வாறே மாறியும் வருகிறது. இன்று பல நாளேடுகளில் கூலித் தொழிலாளியும் ‘என்பவர்’, ‘இறந்தார்’ என எழுதப்படுகிறார். கைதானவரைக் கூட ‘கைது செய்யப்பட்டார்’ என்றே எழுதுகிறார்கள். இம்மாற்றத்திற்கு எவரும் விழா எடுக்கவில்லை, மலர் வெளியிடவில்லை. ஆனால் ‘கனம்’ மறைந்து ‘மாண்புமிகு’ வந்ததைக் காட்டிலும் இது பெரிய மாற்றம் என நாம் கருதுகிறோம். உயர்ந்தோர்க்கு இட்ட சொல்லை மாற்றியது மொழித்தொண்டு; தாழ்த்தப்பட்டோர்க்கு இட்ட விகுதியை மாற்றியது அறத்தொண்டு.

இப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. அச்சில் ‘ஆர்’ எனத் திருந்திய கை, பேச்சில் ‘ஆன்’ என்றே தொடர்கிறது. கல்லூரி வாயிலில் இரவெல்லாம் விழித்திருக்கும் காவலரையும், வகுப்பறையைப் பெருக்கும் அம்மையாரையும் நம் பிள்ளைகள் எந்த விகுதியால் குறிப்பிடுகிறார்கள் என்பதைக் காது கொடுத்துக் கேட்டாலே போதும்; நம் கல்வி எதுவரை சென்றிருக்கிறது என்பது விளங்கிவிடும்.

மக்கள் கட்டிய மாலை

அடைமொழி அனைத்தும் வேண்டா என்பது நம் வாதமன்று. பதவி கொடுக்காமல் மக்கள் கொடுத்த அடைகளும் உண்டு. காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காலத்தில் சட்டசபை மரபு அவரைக் ‘கனம்’ என்றது. அந்தக் கனம் பதவியோடு முடிந்தது. ‘பெருந்தலைவர்’ என்பதோ எந்த ஆணையாலும் வந்ததன்று. பதவி நீங்கிய பின்னும், அவர் மறைந்து பல்லாண்டுகள் சென்ற பின்னும் நிலைத்து நிற்கிறது.

காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள் அமைச்சர் பதவி எதையும் வகித்தவர் அல்லர். 1949இல் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி பற்றிய வாதத்தின் போது தமிழின் தொன்மையையும் தகுதியையும் எடுத்துரைத்தவர் அவர். 1972இல் மறைந்த அவரைக் ‘கண்ணியமிகு’ என்னும் அடையோடு இன்றும் எழுதுகிறோம். இலக்கண உரைகல்லில் உரைத்தால் இதுவும் இனஞ்சுட்டா அடையே எனச் சிலர் கூறக்கூடும். ஆனால் அவ்வடைக்குப் பின்னே ஒரு வாழ்க்கை நிற்கிறது, “ஏன் கண்ணியமிகு?” என வினவும் மாணவனுக்குச் சொல்ல நம்மிடம் செய்தி இருக்கிறது. இதுவே நாம் வேண்டும் எல்லை. ஏன் என்று கேட்டால் விடை சொல்லக் கூடிய அடை இருக்கட்டும். விடை சொல்ல இயலாத அடை உதிரட்டும்.

நம் முன்னோர் புகழ் பாடத் தயங்கியவர் அல்லர். பாடாண் என ஒரு திணையே வகுத்தனர். ஆனால் கல்லில் வெட்டிய மெய்க்கீர்த்திகளைப் பாருங்கள். முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழர் மெய்க்கீர்த்திகள் மன்னனை வெறும் அடைகளால் மட்டும் புகழ்ந்து அமையவில்லை. வென்ற நாடுகளைப் பெயர் சுட்டி, ஆட்சி ஆண்டையும் குறித்துச் சென்றன. மிகை அங்கும் உண்டு. எனினும் புகழுக்கு வினை ஆதாரமாக நின்றது. பெயருக்குப் ‘கீர்த்தி’ எனச் சொல்லி நிறுத்தாமல் ‘மெய்’ என முன்னொட்டு வைத்த நாட்டில், செய்தி எழுதுவோர் அந்த மெய்யை மறக்கலாமா?

நாம் செய்யத் தக்கவை

பெரியோரைப் பெருமைப்படுத்துவது நம் பண்பாடு. அடைமொழியைக் குறைப்பது மரியாதைக் குறைவாகாதா எனச் சான்றோர் வினவலாம். நியாயமான வினா. ஆயினும் தமிழில் மரியாதை அடைமொழியில் மட்டும் இல்லை. ‘அவர்கள்’ என்னும் ஒரு சொல்லும், ‘ஆர்’ என்னும் ஒரு விகுதியும் போதிய மரியாதை தரும். அதற்கு மேல் அடுக்கப்படும் ஒவ்வோர் அடையும் மதிப்பைக் கூட்டுவதில்லை, ஐயத்தையே கூட்டுகிறது. சோற்றில் உப்பு அளவோடு இருந்தால் சுவை. அள்ளிக் கொட்டினால் இலையை மூடிவிட வேண்டியதுதான்.

எனவே இதழியல் துறைக்குச் செல்லவிருக்கும் நம் மாணவர் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, ஒருவர் பெயருக்கு முன் அடை இடும் போது, அது அவரைப் பிறரினின்றும் பிரித்துக் காட்டுகிறதா என உரைத்துப் பார்க்க வேண்டும். காட்டாவிடில் நீக்கிவிட வேண்டும். இரண்டாவது, புகழ வேண்டுமாயின் பெயரடையால் புகழாமல் வினையால் புகழ வேண்டும். ‘கல்விக் காவலர்’ என எழுதுவதை விட, எந்த ஊரில் எந்த ஆண்டு எத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார் என எழுதுவது அவருக்கும் பெருமை, படிப்பவர்க்கும் பயன். மூன்றாவது, உயர்ந்த இருக்கையில் இருப்பவர்க்கு எந்த விகுதியோ, அதே விகுதி கிணறு வெட்டுபவர்க்கும்.

நம் துறைக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த ஆண்டு தமிழ் மன்ற விழா அழைப்பிதழைப் பெயர், பணி, ‘அவர்கள்’ என்னும் மூன்றோடு நிறுத்தி அச்சிட்டுப் பார்ப்போம். தலைமை தாங்கும் பெரியவர்க்கும் வரவேற்புரை கூறும் மாணவிக்கும் ஒரே அளவு எழுத்து அமையட்டும். சமுதாயப் பெரியோர் இதனைக் குறையாகக் கொள்ளாது முதற்கண் வாழ்த்துவர் என்பது நம் துணிபு. உண்மையில் எடையுள்ளவர்க்கு எடைக்கல் எதற்கு?

நடுவுநிலைமைக்கு வள்ளுவர் காட்டிய உவமை துலாக்கோல். எழுதுகோலும் ஒரு கோலே. அதன் ஒரு தட்டில் பெயரும் மறு தட்டில் செயலும் இருக்க வேண்டும். பெயர்த் தட்டில் அடைமொழிகளை ஏற்றிக் கனம் காட்டும் வழக்கத்தை விடுத்து, செயலின் கனத்தைப் படிப்போர் தாமே உணரும்படி எழுதப் பழகுவோமாக. அவ்வாறு எழுதும் நாளில் ‘கனம்’ என்னும் பழஞ்சொல்லுக்கு அதன் பழம்பொருள் மீண்டும் கிட்டும்.